வெறுந்தோளில் வந்த வலி

தாமு, போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே "சிக்னல் இல்லப்பா" என்று சொல்லி போனை வைத்தேனே, அது பொய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பயந்துபோய்த்தான் வைத்தேன். நீ சொன்னது உனக்கே நினைவிருக்காது. போகிற போக்கில் சிரித்துக்கொண்டே சொன்னது. "நைனா, இந்த வாட்டி தண்டு வலி திருவிழாக்கு முன்னாடியே வந்துட்ச்சி. மூணாவது மாடி ஏர்றதுக்குள்ள எடது தோளு இழுக்குது. ரெண்டு நிமிசம் நின்னா பூடுது" என்றாய். பக்கத்தில் நின்ற உன் அம்மா, "புள்ள இன்னா சொல்றான்?" என்று கேட்டாள். "சோறு துன்னுட்டானாம்" என்றேன். அதற்கப்புறம் அன்றைக்கு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நானே கூப்பிட்டு, வேலைக்குப் போகாதே, உடனே திருப்பதிக்கு வந்து நெஞ்சைக் காட்டு என்றேன். நீ சிரித்தாய். "உனக்கு வந்துட்ச்சின்னு எல்லாருக்கும் வந்துடுமா நைனா? திருவிழா முடியட்டும், பாத்துக்கலாம்" என்றாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அப்படிச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். இனி போனில் சொன்னால் நடக்காது என்று தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக உன்னிடம் மறைத்து வைத்திருக்கும் ஒன்றைச் சொன்னால்தான் நீ கிளம்புவாய். அதை எதிரில் நின்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மளிகைச் சீட்டுகூட எழுதாத மனுஷன் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான் என்று, திருச்சானூரிலிருந்து வந்திருக்கும் உன் அக்கா கேலி செய்கிறாள். இன்று புதன்கிழமை. ராத்திரிக்குள் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். அதோடு இதை நகல் எடுத்து, நம்மோடு தண்டு தூக்கும் எல்லா வீட்டுக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குப் படிக்கக் கொடுப்பதா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஊரார் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் இருப்பது சித்தூரில். ஆனால் வைகாசி உற்சவத்துக்கு நாராயணவனம் போய் சுவாமி வாகனம் சுமப்பது எங்கள் குடும்ப வழக்கம். வாகனத்தின் அடியில் போகும் நீளமான மரங்களைத்தான் தண்டு என்கிறோம். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் இடது தோள்காரர்கள். இடது தோளில் மாட்டுக் கழுத்து மாதிரி காய்த்துப் போயிருக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என் அப்பா அந்தக் காய்ப்பைத்தான் பெருமையாகக் காட்டினார். திருவிழா முடிந்து ஒரு மாதம் அந்தத் தோள் வலிக்கும். அதற்குப் பெயர் தண்டு வலி. தைலம் தேய்த்துக்கொள்வோம், யாரும் டாக்டரிடம் போனது கிடையாது. வலி இல்லை என்று சொல்கிறவனை, சரியாகத் தோள் கொடுக்காமல் ஏமாற்றியிருக்கிறான் என்று கிண்டல் செய்வோம். வலிப்பதுதான் எங்களுக்கு மரியாதையாக இருந்தது.

நான் முப்பத்திரண்டு வருஷம் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவன். நீ சின்னப் பிள்ளையாக மதியச் சோறு எடுத்துக்கொண்டு வந்து, உள்ளே சூடு தாங்காமல் வாசலிலேயே நிற்பாய். வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். அணைந்து கிடக்கும் பாய்லரைத் தட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல மாட்டார். உள்ளே முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வழக்கமாக ஓடும் அழுத்தத்துக்கும் மேலே ஏற்றச் சொல்லி, டார்ச் அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். எங்காவது ஒரு பற்றவைப்பில் ஒரே ஒரு துளி கசியும். சும்மா இருக்கும்போது அந்த ஓட்டை கண்ணுக்கே தெரியாது. பாரம் ஏற்றினால்தான் காட்டிக்கொடுக்கும். இரும்பைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருந்த உன் அப்பனுக்கு மனுஷ உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கற்றுக்கொள்ள அறுபத்தேழு வயதும் ஒரு மாரடைப்பும் தேவைப்பட்டது.

போன ஐப்பசியில் எனக்கு வந்தபோது தோள் வலிக்கவே இல்லை. மேல் வயிற்றில் கல்லை வைத்தாற்போல் இருந்தது, சட்டை நனைந்தது. உன் அம்மா அஜீரணம் என்று சோடா வாங்கப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர் கார் எடுத்துத் திருப்பதி கொண்டுபோய்ச் சேர்த்தார். அடைத்துப்போன குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னொரு குழாயில் பாதி அடைப்பு இருக்கிறது, மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். நீ நான்கு நாள் லீவு போட்டு வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்துக்கிடந்தாய். அப்புறம் நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. நான்தான் "எல்லாம் நல்லா கீது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேனே.

டிஸ்சார்ஜ் செய்து கொஞ்ச நாள் கழித்து, வாரத்துக்கு மூன்று நாள் வரச் சொன்னார்கள். இருதயம் அடிபட்டவர்களுக்கு மெதுவாக நடக்கவும், சைக்கிள் மிதிக்கவும், மூச்சைக் கவனிக்கவும் பழக்குகிறார்கள். அதற்காகத்தான் திருச்சானூரில் உன் அக்கா வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். காலையில் ஷேர் ஆட்டோவில் ஏறி, தரிசனத்துக்கு வந்த கும்பலுக்கு நடுவே இடித்துக்கொண்டு போய் இறங்குவேன். அங்கே ரேவதி என்று ஒரு பெண். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறாள். முதல் நாளே என்னைத் தாத்தா என்று கூப்பிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "வாகனம் தூக்குற ஆளும்மா நானு" என்றேன். "அப்டியா தாத்தா, மொதல்ல இந்த அஞ்சி நிமிசம் நடங்க" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆறு வாரத்தில் அரை மணி நேரம் நடந்தேன். ஒவ்வொரு நாளும் ரத்த அழுத்தம் பார்ப்பாள், படுக்க வைத்து எடுத்த ஈசிஜியும் நன்றாகவே இருந்தது. உன் அக்காவிடம், திருவிழாவுக்கு ஒரு தெருவாவது தோள் கொடுத்துவிடுவேன் என்று ஜம்பம் அடித்தேன்.

அடுத்த கட்டத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை வேண்டும் என்றாள் ரேவதி. மார்பில் முடியை மழித்து ஒயர்களை ஒட்டி, ஓடும் பெல்ட்டின்மேல் நடக்க விடுவார்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் கூடும், ஏற்றமும் கூடும். பக்கத்தில் டாக்டர் இருந்தார். திரையில் இருதயத்தின் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. "சும்மா இருக்கறப்ப ஒளிஞ்சிக்கினு கீறது இதுல வெளிய வந்துடும் தாத்தா. இன்னா பண்ணாலும் ஒடனே சொல்லணும், அடக்கக் கூடாது" என்றாள். பக்கத்துக் கம்பியை அழுத்திப் பிடிக்காதே என்றாள். பாய்லர் இன்ஸ்பெக்டர் நினைவு வந்து எனக்குச் சிரிப்புகூட வந்தது. முதல் மூன்று நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவதில் ஏற்றம் கூடியதும் அவள் திரையை ஒட்டி நின்றாள்.

"தாத்தா, நெஞ்சு எப்டி கீது?"

"நல்லா கீது."

"மூச்சு?"

"அதுவும் நல்லா கீது."

"வேற எங்கனா ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லம்மா. எடது தோளு மட்டும் லேசா இழுக்குது. அது தண்டு வலி. நாப்பது வருசமா கீறதுதான்."

அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என் தோளைப் பார்த்தாள். "தண்டு எங்க தாத்தா? உங்க தோள் மேல இப்ப ஒண்ணுமே இல்லியே" என்றாள். சொல்லிக்கொண்டே டாக்டருக்குக் கை காட்டி பெல்ட்டை நிறுத்திவிட்டாள்.

என்னைக் கட்டிலில் படுக்க வைத்து நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரை வைத்தார்கள். டாக்டர் தெலுங்குக்காரர். என் கையைப் பிடித்துக்கொண்டு "நொப்பி உந்தா?" என்று வலியைக் கேட்டபடியே இருந்தார். இரண்டு நிமிஷத்தில் தோள் வலி போய்விட்டது. தாமு, எத்தனை வருஷத் தைலம் நமக்கு. எத்தனை வெந்நீர் ஒத்தடம், எத்தனை பேர் தேய்த்த கை. அதற்கெல்லாம் அசையாத வலி, கடுகளவு மாத்திரையில் போய்விட்டது. அது தோள்பட்டை வலியாக இருந்தால் அப்படிப் போயிருக்காது என்று டாக்டர் விளக்கினார். பாரம் கூடும்போது இருதயத்துக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் அது கத்துகிறது, சிலருக்கு அந்தக் கத்தல் நெஞ்சில் கேட்காமல் தோளிலோ தாடையிலோ முதுகிலோ கேட்கும், சிலருக்கு எங்கேயுமே கேட்காது, கோடு மட்டும்தான் காட்டும் என்றார். பாதி அடைப்பு என்று விட்டுவைத்த அந்தக் குழாய்தான். மறுபடி உள்ளே பார்த்து அதற்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். அதைத்தான் உன்னிடம் "சின்ன செக்கப்" என்று சொன்னேன்.

அவர் சொல்லச் சொல்ல நான் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. ரேவதி பயந்துவிட்டாள். "ஒண்ணும் இல்ல தாத்தா, நல்ல வேளையா கண்டுபுட்சிட்டோம், ஏன் அழுவுறீங்க?" என்றாள். அந்தப் பிள்ளையிடம் என்னவென்று சொல்வேன்? நான் அப்போது எனக்காக அழவில்லை. வரதனுக்காக அழுதேன்.

வரதன் என் ஒரே தம்பி. உனக்குச் சித்தப்பன் என்று பெயர்தானே தவிர, உன்னை வளர்த்ததில் பாதி அவன்தான். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவன், முதன்முதலில் துண்டை மடித்து உன் தோளில் வைத்துத் தண்டுக்கு அடியில் நிறுத்தியவனும் அவன். பத்தொன்பது வருஷம் முன்னால் அந்த உற்சவத்தின்போது தொழிற்சாலையில் கூழ் சீசன் உச்சத்தில் இருந்தது. ராப்பகலாக பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் சண்டை போட்டு இரண்டே நாள் லீவில் நான் நாராயணவனம் வந்தேன். யார் எந்தத் தண்டில் நிற்பது என்று ஆட்களை நிறுத்துவது என் பொறுப்பு. முன்தண்டில் இடது பக்கம் வரதன், பின்னால் மூன்றாவது வரிசையில் நீ. முதல் நாள் சாயங்காலம் கருட வாகனம் சுமந்திருந்தோம். மறுநாள் காலை ஹனுமந்த வாகனம். இதெல்லாம் உனக்குத் தெரியும். இனிமேல் எழுதுவது தெரியாது.

அன்று காலை குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது என்னிடம் வந்தான். "அண்ணா, எடது தோளு ரொம்ப நோவுது. தாடை வரைக்கும் இழுத்துக்கினு போவுது" என்றான். "நேத்து கருடன் தூக்கின இல்ல, நோவாம இன்னா பண்ணும்? தைலம் தேச்சிக்கினு வா" என்றேன். தேய்த்துக்கொண்டு வந்தான். நாமம் இட்டுக்கொண்டு துண்டை மடிக்கும்போது மறுபடி சொன்னான். "இது வேற மாதிரி கீதுண்ணா." நான் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் வரவில்லை. "உனக்கு நாப்பத்திமூணு வயசு ஆச்சி. சின்னப் பசங்க எதிர்ல மூஞ்ச சுளிக்காத" என்றேன். மூன்றாவது முறை சொன்னபோது வாகனம் எங்கள் தோளில் இருந்தது. எனக்கும் அவனுக்கும் நடுவில் நான்கடிதான் இருக்கும். நாதஸ்வரச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. "அண்ணா, யாரையாச்சும் மாத்தி உடு." நான் சொன்னேன்: "தெரு திரும்பட்டும்."

தெரு திரும்பும் முன் அவன் சரிந்தான். முன்தண்டு ஒருமுறை தாழ்ந்தது, நீ பின்னாலிருந்து ஓடிவந்து அந்த இடத்தில் தோள் கொடுத்தாய். வாகனம் சாயவில்லை. அன்றைக்கு எல்லாரும் உன்னைக் கொண்டாடினார்கள். மண்டபம் இன்னும் ஐம்பது அடி இருந்தது. வழியில் இறக்கி வைக்கும் வழக்கம் இல்லை என்று, நான் "நட, நட" என்று கத்திக்கொண்டே போனேன். கீழே விழுந்தவனைப் பெண்கள் யாரோ தூக்கி ஓரமாக உட்கார வைத்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. மயக்கம் என்று நினைத்தேன். மண்டபத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது அவன் முடிந்துபோயிருந்தான். அவன் தோளில் மடித்து வைத்த துண்டு அப்படியே இருந்தது. தைல வாசனை அடித்தது.

அதற்கப்புறம் ஊர் ஒரு கதை கட்டியது. சுவாமி தோளில் இருக்கும்போதே போன பாக்கியசாலி என்றார்கள். அந்தக் கதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவன் நான். பதின்மூன்றாம் நாள் வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொன்னேன். போட்டோவுக்குக் கீழே அதையே எழுதி மாட்டினேன். இருபத்திரண்டு வயதில் நீ அதை அப்படியே நம்பினாய். ஒவ்வொரு வருஷமும் ஸ்ரீசிட்டி கம்பெனியிலிருந்து லீவு போட்டு ஓடி வந்து, சித்தப்பா மாதிரி தூக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாய். தூக்கும்போது வலிக்கிறது என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவன் போன ஒரு வாரத்தில் உன் சித்தி என்னைத் தனியாகக் கேட்டாள். "மாமா, அன்னிக்கி ஒங்க கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?" தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "இல்லியேம்மா, நல்லாதான் இருந்தான்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அவள் ராமகுப்பத்தில் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். நல்லது கெட்டதுக்கு வந்தால்கூட நான் அவள் எதிரில் உட்கார்ந்ததில்லை. மரியாதைக்காக ஒதுங்குகிறேன் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டாள்.

இதை எழுத வேண்டுமானால் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். நேற்று குப்பம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து ராமகுப்பம் போனேன். பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையில் இருந்தாள். தட்டுத் தட்டாக மல்பெரி இலை போட்டுக்கொண்டிருந்தாள். புழுக்கள் இலை தின்னும் சத்தம் தூறல் விழுவது மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. "இன்னா மாமா, சொல்லாம கொள்ளாம? ஒடம்பு எப்டி கீது?" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று முறை சொன்னதையும், நான் முகத்தைப் பார்க்காததையும், தெரு திரும்பட்டும் என்றதையும், அவள் கேட்டபோது பொய் சொன்னதையும். அவள் இலை போடுவதை நிறுத்தவில்லை. ஒரு தட்டு முடித்து அடுத்த தட்டுக்குப் போனாள். திட்டுவாள், கூடையைத் தூக்கி என் மேல் எறிவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடைசித் தட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எங்கிட்டயும் சொன்னாரு மாமா. கருடனுக்கு மொத நாளே சொன்னாரு. மாடிப்படி ஏற முடியல, தோளு இழுக்குதுன்னாரு. நான்தான் தைலம் தேச்சி உட்டேன். திருவிழா முடிஞ்சி பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன்." அப்புறம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "ஒங்க கிட்டயும் சொல்லியிருந்தாருன்னா, நான் ஒருத்தி மட்டும் இல்லன்னு ஆவும். அதுக்குத்தான் அன்னிக்கி கேட்டேன். நீங்க இல்லன்னுட்டீங்க."

தாமு, நான் அங்கே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருஷம் அவள் தன்னை மட்டுமே குற்றவாளியாக வைத்துக்கொண்டு அந்தக் கொட்டகையில் இலை போட்டிருக்கிறாள். என் ஒரு வார்த்தை அதில் பாதியை இறக்கி வைத்திருக்கும். என் பெயர் கெட்டுவிடும் என்று அந்த வார்த்தையை நான் கொடுக்கவில்லை. தம்பிக்குச் செய்தது தெரியாமல் செய்தது என்று என்னைத் தேற்றிக்கொள்ள முடிகிறது. இவளுக்குச் செய்தது தெரிந்தே செய்தது. அதற்கு நான் எந்த சமாதானமும் தேடவில்லை.

கிளம்பும்போது உன்னைப் பற்றிச் சொன்னேன். மாடி ஏறும்போது வருகிறதாம், நின்றால் போகிறதாம் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "அவன் கிட்ட எல்லாத்தையும் எழுதுங்க மாமா. நான் சொன்னதயும் எழுதுங்க. நம்ம ரெண்டு பேரும் தைலம் தேச்சது போதும்" என்றாள். அதனால்தான் அவள் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். அவள் மேல் உனக்கு ஒரு சொட்டுக் கோபமும் வரக் கூடாது. கோபம் முழுக்க எனக்கே வேண்டும். நீ என்னோடு பேசாமல் போனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வைத்துக்கொள்.

திங்கட்கிழமை நீ சிரித்துவிட்டு வைத்தபிறகு திருப்பதி டாக்டரிடம் பேசினேன். சித்தப்பன் நாற்பத்துமூன்றில் போனதையும், எனக்கு வந்ததையும், உனக்கு நாற்பத்தொன்று முடியப்போவதையும் சொன்னேன். தள்ளிப் போடாமல் இந்த வெள்ளிக்கிழமையே கூட்டி வரச் சொன்னார். அதுவரை மாடி ஏறாதே, கனமான வேலை செய்யாதே. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்தாலோ வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அந்த நிமிஷமே போய்விடு. முதலில் டாக்டர் உன்னைப் பார்ப்பார். நடக்க வைக்கலாமா, வேறு பரிசோதனை செய்யலாமா என்று அவர் முடிவு செய்வார். சில சமயம் அந்தப் பரிசோதனையும் ஏமாற்றும், எதுவும் நூற்றுக்கு நூறு இல்லை என்றும் அவரே சொன்னார். உனக்கு ஒன்றுமே இல்லாமல் வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் கிழவன் சும்மா பயமுறுத்திவிட்டான் என்று வருஷம் முழுக்கக் கேலி செய். அந்தக் கேலியைக் கேட்கத்தான் நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் முன்தண்டில் இடது பக்கம், வரதன் நின்ற இடம், உனக்கு என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். நீ அதற்காகப் புதுத் துண்டு வாங்கி வைத்திருப்பது எனக்குத் தெரியும். இன்று காலை போன் செய்து உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். டாக்டர் சரி என்று சொல்லும் வரை நீ தண்டுக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது. நைனா என் இடத்தைப் பிடுங்கிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள். பத்தொன்பது வருஷம் முன்னால் ஒருத்தனுடைய இடத்தை நான் பிடுங்கியிருந்தால் அவன் இன்றைக்கு உன் பிள்ளைக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்திருப்பான். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்ற வீட்டுக்காரர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது தோள் வலி என்றால், தைலத்தை எடுப்பதற்கு முன்னால், எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை சித்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். உன் சித்தியும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ எங்கள் இரண்டு பேரோடும் பேச வேண்டியதில்லை. சட்டையைக் கழற்றி உன் அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போ. ரேவதி உன் தோளில் இருக்கும் காய்ப்பைப் பார்த்துவிட்டு, தாத்தாவுடைய பிள்ளையா என்று கேட்பாள். பல்லைக் கடிக்காதே. எங்கள் யாரையும் நினைத்துக்கொள்ளாதே. வலித்தால் சொல். அங்கே ஒரு தடவை சொன்னால் போதும்.